மஞ்சள் தண்ணீர் ஆடிய பகல்

1

இந்தச் சித்திரைப் பிறப்பன்று, முன்பின் தெரியாத ஒரு சயாம்காரர் என் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். எனக்கு நாற்பத்திரண்டு வயது. பினாங்கில் என் அண்ணன் வைத்திருக்கும் மரச்சாமான் பட்டறையில் ஆசாரிமார்களுக்குச் சமைத்துப் போடுகிறவள். நடுத்தெருவில், பட்டப்பகலில், சொட்டச் சொட்ட நனைந்து நின்றேன். அந்த மனிதர் கைகூப்பிச் சிரித்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டார்.

ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். நமக்குச் சித்திரை பிறக்கிற சமயத்தில்தான் சயாம்காரர்களுக்கும் வருடம் பிறக்கிறது. இங்கே அவர்களுக்கு ஒரு கோயில் உண்டு. அன்றைக்கு அந்தக் கோயில் வாசலில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். முறை பார்ப்பது கிடையாது. சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ, போகிறவர் யாராக இருந்தாலும் அபிஷேகம்தான். பல் போன கிழவி ஒருத்தி ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு போலீஸ்காரரைத் துரத்தியதை என் கண்ணால் பார்த்தேன்.

என்னை அங்கே இழுத்துப் போனவள் என் மகள் கண்ணாத்தாள். பாயான் லெப்பாஸ் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஃபேக்டரி ஒன்றில், பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து மயிரிழைக் கம்பிகளை ஒட்டுகிற வேலை அவளுக்கு. ஃபேக்டரியில் அவளைக் கானா என்று கூப்பிடுகிறார்கள். முடியைத் தோளோடு வெட்டியிருக்கிறாள். வேலை முடிந்தால் பேட்மிண்டன் ஆடப் போய்விடுவாள். கல்யாண வயதில் இருப்பவள் காலைத் தூக்கிக் குதித்து ஆடலாமா என்று நான் கேட்டால், மலாயில் தோழியிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியாது. புரியக்கூடாது என்றுதான் மலாயில் சொல்கிறாள்.

பண்டிகை நாளில் பாயசம் வைத்துக்கொண்டிருந்தவளை, அடுப்பை அணைத்துவிட்டுக் கூட்டிப் போனாள். முதல் வாளி விழுந்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இரண்டாவது வாளியை என் மகளே ஊற்றினாள். மூன்றாவதை நான் அவள்மேல் ஊற்றினேன். அப்புறம் யார் யார்மேல் ஊற்றினேன் என்று தெரியாது. வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. அன்று சாயங்காலம் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் பதினான்கு வருடத்தைச் சொல்லியாக வேண்டும்.

2

சொன்னால் நம்பமாட்டீர்கள், இங்கே பெரியவர்கள் விளையாடுகிறார்கள். பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் சீனர் சாயங்காலமானால் கடை வாசலில் மேசை போட்டு, பெண்டாட்டியோடும் மச்சினன்மாரோடும் காய் உருட்டி ஆடுவார். தோற்றால் தெருவே கேட்கும்படி கத்துவார். மறுநாள் அதே மேசை, அதே கத்தல். திடலில் தொப்பையும் வழுக்கையுமாகப் பத்துப் பேர் பந்து உதைக்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்கிறார்கள். நம் பக்கத்தில் ஓர் ஆம்பிளை மீசை முளைத்தபின் சும்மா ஒன்றைச் செய்தால் வீட்டில் வைத்தியம் பார்ப்பார்கள். பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நான் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம். சமையல் ஆள் என்று எழுதித்தான் அண்ணன் எனக்கு இங்கே தங்கி வேலை செய்யப் பாஸ் வாங்கினார். அதை நீட்டிக்கப் போகும்போதெல்லாம், சொந்தத் தங்கையைச் சமையலுக்கு வைப்பானேன் என்று கவுண்டரில் இருக்கிறவர் ஒரு பார்வை பார்ப்பார். பாரத்தில் கணவர் பெயர் என்று ஓர் இடம், கணவர் இருக்குமிடம் என்று ஓர் இடம். அவர் இருக்குமிடமும் இதே பினாங்குதான். வீட்டு எண் சொல்ல முடியாது. எரித்து, இந்தக் கடலில்தான் கரைத்தார்கள். நான் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுப்பேன். ஒருமுறை புதிதாக வந்த பையன் ஒருவன், கோடு போட்டால் செல்லாது, ஊர் பெயர் எழுது என்று திருப்பிக் கொடுத்தான். அன்றைக்கு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டு, கோட்டையூர் என்று எழுதிக் கொடுத்தேன்.

3

கோட்டையூரில் எங்களுடையது ஆசாரி வீடு. என் மாமனார், அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. அதனால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எனக்கு அவர் மாமாதான். செட்டியார் வீடுகளில் கதவு, நிலை, மரவேலை எல்லாம் அவர் கைதான். அதிகம் பேசமாட்டார். அத்தை முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே மகன், என் வீட்டுக்காரர், பினாங்கில் என் அண்ணனிடம் வேலை செய்தார். கல்யாணமாகி மூன்றாவது வருடம் கப்பலேறியவர், நடுவில் ஒருதடவை வந்துவிட்டுப் போனார்.

பங்குனியில் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா. தேரோட்டத்துக்கு மறுநாள் மஞ்சள் தண்ணீர். உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்டாவில் மஞ்சளைக் கரைத்து வேப்பிலையைப் போட்டு வைத்துக்கொண்டு, முறை உள்ளவர்கள் ஒருவரையொருவர் துரத்தி ஊற்றுவது. கொழுந்தன் மதினிக்கு ஊற்றலாம், மதினி கொழுந்தனுக்கு ஊற்றலாம், மாமன் மகன், அத்தை மகள், நாத்தனார் எல்லாரும் ஆட்டத்தில் உண்டு. அண்ணன் தங்கை முறையென்றால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். யார்மேல் ஊற்றினாலும் கோபிக்கக் கூடாது. வருடம் முழுக்க முக்காடும் முறமுமாக இருக்கிற பெண்கள் அன்று ஒரு பகல் மட்டும் தெருவில் ஓடலாம். விதவைக்கு மட்டும் யாரும் ஊற்றமாட்டார்கள். அவர்களும் அன்று வெளியே வரமாட்டார்கள்.

இந்த ஆட்டத்தில் நான் பேர் வாங்கியவள். பதுங்கியிருந்து ஊற்றுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் தெருக் கொழுந்தன்மார்கள் என் வீட்டு வழியே வராமல் சந்துவழியாகச் சுற்றிப் போவார்கள். மாமாவுக்கு இது பிடிக்காது. "பிள்ளை பெத்தவளுக்கு என்னத்தா ஓட்டம்" என்று முனகுவார். அவருக்கு விளையாட்டு என்று இருந்தது ஒன்றே ஒன்று. தேருக்கு முட்டுக்கட்டை போடுவது. ஓடுகிற சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடி, சரியான நேரத்தில் கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்துவார். அப்போது மட்டும் அவர் முகத்தில் பையன் களை வரும். ஆனால் அதை விளையாட்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அது உரிமை என்பார்.

அந்த வருடம், மஞ்சள் தண்ணீர் அன்று காலையில், செட்டியார் வீட்டிலிருந்து மாமாவுக்கு ஆள் வந்தது. ஏதோ கதவு வேலை என்று நினைத்தேன். போனவர் உச்சிப்பொழுதுக்குத் திரும்பினார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்குப் பசியில்லை என்றார். அம்மன் சப்பரத்தைத் தூக்க ஆள் வந்து கூப்பிட்டபோது முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எந்தத் திருவிழாவிலும் அவர் அப்படிச் சொன்னதில்லை. அம்மன் கோயிலுக்குள் திரும்புகிற வரை என்னையும் வாசல் தாண்டவிடவில்லை. மாவு இடி, அதை எடுத்து வை, இதைக் கழுவு என்று வேலை வைத்துக்கொண்டே இருந்தார்.

அம்மன் உள்ளே போய்விட்டது என்று வெடிச்சத்தம் கேட்டது. தெருவில் பெண்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முனகுவாரே என்று நான் மாமாவைப் பார்த்தேன். அவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார். வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தினார். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் குடிக்கத் தண்ணீர் மோந்துகூடப் பார்த்ததில்லை. அவர் பெரிய அண்டா நிறையும் வரை சேந்தி ஊற்றினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "போத்தா. போயி நல்லா விளையாண்டுட்டு வா. பிள்ளையவும் கூட்டிக்கிட்டுப் போ."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏன் என்று கேட்டால் மனதை மாற்றிக்கொள்வாரோ என்று பயந்து கேட்கவே இல்லை. அன்று ஆடியதைப்போல நான் என்றைக்கும் ஆடியதில்லை. கண்ணாத்தாளுக்கு ஏழு வயது. ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே ஓடிவந்தாள். வாசலில் நின்ற மாமாவை அவருடைய கிழட்டு மச்சினர் ஒருவர் பின்னாலிருந்து வந்து முழுக்க நனைத்துவிட்டார். மாமா சிரித்தார். நான் பார்த்தேன், சிரித்தார்.

4

பொழுது சாயத் திரும்பி வந்தபோது வீடு நிறையச் சனம். முடி அவிழ்ந்து, தலையிலிருந்து கால்வரை மஞ்சளாக, சிரிப்பு அடங்காமல் உள்ளே நுழைந்தேன். மாமாதான் சொன்னார். பினாங்கில் மரம் இறக்கும்போது கட்டை சரிந்து என் வீட்டுக்காரர் மேல் விழுந்துவிட்டதாம். தந்தி செட்டியார் வீட்டு விலாசத்துக்கு வந்திருக்கிறது. கணக்கப்பிள்ளை அதைக் காலையிலேயே மாமாவுக்கு வாசித்துச் சொல்லியிருக்கிறார். பொழுது சாய்கிற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மாமா அவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

காலையிலேயே.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மஞ்சள் லேசில் போகாது. சேலையை மாற்றினார்கள், தலையில் குடம் குடமாக ஊற்றினார்கள், நகக்கண்ணிலும் பாதத்திலும் மஞ்சள் அப்படியே நின்றது. வளையலைக் கழற்ற என் கையைப் பிடித்த பெண்கள் அந்த நகத்தைத்தான் பார்த்தார்கள். கருமாதி வரை பார்த்தார்கள். புருசன் அங்குட்டு எரியையில இவ இங்குட்டு மஞ்சத்தண்ணி ஆடினா என்று கோட்டையூர் பேசியது, பள்ளத்தூர் பேசியது. எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்பியவர்கள் குறைவு. நம்பியவர்களும் அதை உரக்கச் சொல்லவில்லை.

தீட்டோடு திருவிழாத் தெருவில் நின்றதற்காக ஊர் கூடி, மாமாவின் முட்டுக்கட்டை உரிமையை எடுத்துப் பங்காளி வீட்டுக்குக் கொடுத்தார்கள். மறுவருடம் தேர் ஓடியபோது வீட்டுக்குள் உட்கார்ந்து கண்ணாத்தாளுக்குப் பம்பரம் செதுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. என்னை ஊர் சிரிக்க வைத்தவர் என்ற ஆத்திரம்தான் இருந்தது. சோறு போடுவேன், துணி துவைப்பேன், பேச்சு மட்டும் வைத்துக்கொள்ளமாட்டேன். ஐந்து வருடம் அப்படியே போனது. கண்ணாத்தாளை வளர்த்ததெல்லாம் அவர்தான். தோளில் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவார். அய்யா, அய்யா என்று அவளும் அவர் நிழலிலேயே கிடந்தாள்.

5

அண்ணன் பாஸ் அனுப்பியதும் கிளம்பிவிட்டேன். காரைக்குடி ஸ்டேஷனுக்கு மாமா வழியனுப்ப வந்தார். கண்ணாத்தாள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள். ரயில் வரும் நேரத்தில்தான் எனக்கு வாய் திறந்தது.

"ஏன் மாமா அன்னைக்கு எங்கிட்டச் சொல்லாம விட்டீக?"

அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "இனிமே ஒனக்கு ஒரு சொட்டுத் தண்ணி எவனும் ஊத்தமாட்டான். அது எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியாது. அவன் போனது போனதுதான். சாயங்காலம் சொன்னாலும் அதே சேதிதான். நீயாச்சும் ஒரு பொழுது இருந்துட்டுப் போன்னு விட்டேன்."

"எனக்கு வேணும்னு நான் கேட்டேனா மாமா?"

ரயில் வந்தது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு.

6

இந்த ஊருக்கு வந்தபின் எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. பெயர் தெரியாத வியாதி. சிரிப்பு வந்தால் உடனே சுற்றி இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பேன், யாராவது எதையாவது மறைக்கிறார்களா என்று. அண்ணன் சினிமாவுக்குப் போய்வா என்று சொன்னால் உடனே, ஊரில் யாருக்கு என்ன என்று கேட்டுவிடுவேன். முதலில் அண்ணன் சிரித்தார், அப்புறம் கோபித்தார், அப்புறம் எங்கேயும் போகச் சொல்வதையே விட்டுவிட்டார். பட்டறை ஆசாரிமார்கள் ஒரு தீபாவளிக்கு எனக்குப் புதுச்சேலை வாங்கி வந்தார்கள். அவர்களை உட்கார வைத்து, ஆளாளுக்கு வீட்டு நலம் விசாரித்த பிறகுதான் வாங்கிக்கொண்டேன். சேலை கொடுக்க வந்தவர்கள் சாட்சி சொல்ல வந்தவர்கள் மாதிரி விழித்தார்கள்.

விளையாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையில்லை, பயம். கண்ணாத்தாள் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம், இவளுக்கு என்ன வரப்போகிறதோ என்று இருக்கும். நான் திட்டுவது அதனால்தான் என்று அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவளுக்கு அந்த நாள் ஞாபகமில்லை என்றும் நினைத்திருந்தேன். ஒருநாள் அவளே சொன்னாள், எனக்கு உன் முகம் மஞ்சளாகத்தான் ஞாபகம் இருக்கிறது என்று.

7

சித்திரைப் பிறப்பன்று அவள் என்னைக் கூப்பிட்டபோதும் வழக்கம்போலக் கேட்டேன். ஊரிலிருந்து தகவல் ஏதும் வந்ததா? "ஒண்ணும் இல்லம்மா, பேசாம வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். தண்ணீருக்கு நடுவே, நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, பழக்கதோஷத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சத்தமாகச் சிரித்தாள். சரி, ஒன்றுமில்லை என்று நான் அடுத்த வாளியைத் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, விட்ட பாயசத்தை முடிக்க அடுப்பைப் பற்றவைத்தேன். கண்ணாத்தாள் ஈரத்தை மாற்றாமல் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் வரும், மாற்று என்றேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"அம்மா, அய்யா தவறிட்டாக."

தந்தி காலையிலேயே பட்டறைக்கு வந்திருக்கிறது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வரப் புறப்பட்டிருக்கிறார். இவள்தான் வழியில் மறித்து, சாயங்காலம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். என் பாஸ்போர்ட், பாஸ் நீட்டிப்புக்காக ஆபீசில் கிடக்கிறது. கையில் இருந்தாலும் போய்ச் சேர முடியாது. அங்கே பங்காளி மகன் கொள்ளி வைத்து, எல்லாம் முடிந்திருக்கும்.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஸ்டேஷனில் கேட்ட அதே கேள்வி, நான் கேட்டேனா என்ற அந்தக் கேள்வி, தொண்டை வரை வந்துவிட்டது. கேட்பதற்காக அவள் முன்னால் போய் நின்றேன். அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. தோளில் தூக்கி வளர்த்த அய்யா போய்விட்டார் என்பதைக் காலையிலிருந்து உள்ளே வைத்துக்கொண்டு, அத்தனை கூட்டத்தில், அத்தனை சத்தத்தில் அவள் என்னோடு ஆடியிருக்கிறாள். நான் பார்த்தபோதெல்லாம் சிரித்திருக்கிறாள்.

"நீ அழுகலையாத்தா?" என்று கேட்டேன்.

"எப்படிம்மா அழுகுறது? நீ சிரிச்சுக்கிட்டிருந்தே."

அவள் தலையை இழுத்து என் வயிற்றோடு வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். ஏழு வயதுப் பிள்ளையைப்போல, மூச்சு முட்ட முட்ட அழுதாள். அடுப்பில் பாயசம் அடிப்பிடித்து நாறியது. நான் நகரவில்லை.

அவளுக்கு நான் இருந்தேன். மாமாவுக்குச் செத்தது பெற்ற மகன். அன்று பொழுது சாய்ந்ததிலிருந்து நான் அழுதேன், ஊர் என்னைச் சுற்றி அழுதது, ஏசியது. கிணற்றில் அத்தனை வாளி சேந்தியவர் பக்கம் நான் திரும்பவே இல்லை. பிறகு ஐந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். அவர் எப்போது அழுதார் என்று எனக்குத் தெரியாது.